இறங்கத் தெரியாதவர்

எங்கள் ஊர் மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டப் பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. பிள்ளை தன் வீட்டில் யாராவது ஒருவருக்கு, அவருக்குத் தெரியாத ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஏப்ரலில் பள்ளி மூடும் நாளன்று அந்த ஆள் வந்து, கற்றுக்கொண்டதை எல்லார் முன்னாலும் செய்துகாட்ட வேண்டும். அப்போது பிள்ளை வாய் திறக்கக் கூடாது, ஜாடையும் காட்டக் கூடாது. வந்தவர் செய்துவிட்டால் பிள்ளை பாஸ். செய்யாமல் திணறினால் அவரை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பிள்ளையைத்தான் கூப்பிட்டு, "நீ எப்படிச் சொல்லிக்கொடுத்தே?" என்று கேட்பார்கள்.

இதற்கு வீட்டு வகுப்பு என்று பெயர். ஏற்படுத்தியவர் தலைமை ஆசிரியை சந்திரம்மா. சித்தூரில் ஒரு பாஸ்டரின் மகள், தெலுங்குக் கிறிஸ்தவர். தமிழ் பேசிக்கொண்டிருக்கும்போதே தெலுங்குக்குள் போய், மறந்துவைத்த எதையோ எடுத்துக்கொண்டு வருவதுபோலத் தமிழுக்குத் திரும்பி வருவார். ஏன் இப்படி ஒரு பரீட்சை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்.

"தேவன் ஒருத்தன் கைல ஒண்ணு குடுத்தா, அது அவனுக்கு மட்டும் இல்லய்யா. பக்கத்துல நிக்கறவனுக்கும் சேத்துத்தான் குடுக்கறாரு. மார்க்கு வாங்கறது, ரேங்க்கு வாங்கறது, பிரைஸ் வாங்கறது, எல்லாம் வாங்கறதுதானா? குடுக்கறது எப்புடு, எப்போ?"

என் மனைவி அலர்மேல்மங்கை அங்கே ஐந்தாம் வகுப்பு டீச்சர். குங்குமப் பொட்டோடுதான் காலை ஜெபத்துக்குப் பிள்ளைகளோடு நிற்பாள். புதிதாக வந்த ஒரு பாஸ்டர் ஒருமுறை அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். சந்திரம்மா அவரிடம், "அலமேலுவோட சாமி ஊரு திருச்சானூரு. நம்ம சாமி ஊரு பெத்லகேம். ரெண்டுமே சின்ன ஊருதானய்யா, நமக்குள்ள எதுக்குச் சண்ட?" என்று சொல்லிவிட்டு மணியை அடிக்கச் சொன்னாராம். அலமேலு அன்று வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சென்ற ஐப்பசியில் அவள் போன பிறகு எனக்கு அவள் நினைப்பு வருவது பெரும்பாலும் அந்தச் சிரிப்பாகத்தான்.

நகரியிலிருந்து புத்தூர் போகும் சாலையில் பள்ளி. அதற்கு நேர் எதிரே என் வாடகை சைக்கிள் கடை. அதனால் பள்ளியில் நடந்தது பாதி எனக்கு நேரில் தெரியும். மீதியை அவள் சொல்லக் கேட்டேன்.

நான் சொல்ல வருவது தொண்ணூற்றெட்டு வாக்கில் நடந்தது. அப்போது எங்கள் பக்கத்தில் எல்லாமே அவசரமாகிவிட்டிருந்தது. சித்தூர்ப் பக்கம் மாம்பழக் கூழ் கம்பெனிகள் புதிது புதிதாக வந்தன. தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத். படித்த பையன்கள் பெங்களூருக்கும், படிக்காத பையன்கள் மெட்ராஸுக்கும் பஸ் ஏறினார்கள். திருப்பதியிலிருந்து ஆஸ்டல் பள்ளிக்காரர்கள் மைக் கட்டிய வேனில் வந்து, ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் போட்டோவைச் சுவரெங்கும் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

கூழ் டிரம்களைத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போகும் லாரிகள் பாலசுந்தரத்தினுடையவை. கிளீனராக ஆரம்பித்து முதலாளியானவர். குள்ளமான ஆள், பெரிய குரல். அவருடைய மகன் திலீப் அலமேலுவின் வகுப்பில் படித்தான். திலீப்பைக் கொண்டுவிடும் வேனிலேயே சுற்றுப்பட்டு ஊர்ப் பிள்ளைகளும் ஏறி வருவார்கள். பாலசுந்தரம் அதற்கு யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. அந்த வேன் இல்லையென்றால் பாதி வகுப்பு இல்லை.

பொங்கல் கழிந்து நடந்த பெற்றோர் கூட்டத்தில் பாலசுந்தரம் எழுந்தார்.

"டீச்சரம்மா, மனசுல ஒண்ணு வெச்சிக்கினு வெளிய ஒண்ணு பேசற ஆளு இல்ல நானு. திருப்பதில ஆறாவதுலயே எஞ்சினியர் பரிச்சைக்கு ரெடி பண்றாங்க. கோழி கூவறதுக்கு முன்னாடி எழுப்பி உக்கார வெக்கறாங்க. வாராவாரம் ரேங்க்கு. இங்க இன்னா நடக்குது? என் பையன் ஊட்ல ஒவ்வொருத்தர்கிட்டயா போயி, உனுக்கு இன்னா தெரியாது, உனுக்கு இன்னா தெரியாதுன்னு கேட்டுக்கினு கீறான்."

கூட்டம் சிரித்தது. சந்திரம்மாவும் சிரித்தார்.

"அடகனீண்டி பாலசுந்தரம் காரு, கேக்கட்டும். மஞ்சிதே கதா, நல்லதுதான."

"கேட்டுட்டாம்மா. எல்லாருக்கும் எல்லாம் தெரியுது. என் சம்சாரம் பி.ஏ. என் தங்கச்சி கம்ப்யூட்டர் கிளாஸ் போய்க்கினு கீது. டிரைவருங்க ஆளுக்கு நாலு பாஷ பேசறானுங்க. என் ஊட்ல தெரியாதவங்கன்னு ஒருத்தரும் இல்ல. அதுக்கு என் புள்ள ஃபெயிலா?"

"இன்னும் தேடச் சொல்லுங்க. ஒண்ணும் தெரியாதவங்க இல்லாத ஊடு பரலோகத்துல வேணா இருக்கும்."

பாலசுந்தரத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி. எல்லார் முன்னாடியும் சொல்றேன். என் ஊட்ல ஒரு ஆளுக்கு இன்னாத்தையாவது கத்துக்குடுத்து, அவன இட்டாந்து இங்க நிக்க வெக்கட்டும். பத்தாவது வரைக்கும் என் புள்ள இங்கியே படிக்கும். இல்லன்னா ஜூன் மாசம் திருப்பதி. வேனும் அவன் கூடவே பூடும்."

அன்று சாயங்காலம் அலமேலு காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"அவனுக்கு இன்னா, வசதியான புள்ள. எங்க போனாலும் படிச்சிக்குவான்," என்றேன்.

"அவன் படிச்சிக்குவான். தேன்மொழி எப்படி வருவா? நீங்க சைக்கிள்ல வெச்சிக் கொண்டாந்து வுடறீங்களா தெனமும்?"

தேன்மொழியின் வீடு மலையடிவாரத்தில் இருந்தது.

"அவன் மட்டும் போறதுன்னா போகட்டுங்க. ஆனா அவன் போனா வேன் போகும், வேன் போனா கிளாஸ் போகும். அப்புறம் சந்திரம்மாவும் ரேங்க்கு போட ஆரம்பிக்கணும், செவுத்துல போட்டோ ஒட்டணும். இத்தினி வருசம் பண்ணதுக்கு அர்த்தம் இல்லாம பூடும்."

திலீப்புக்கும் பயம் இருந்தது. அவன் பெரியப்பா மகன் கிரண்குமார் அந்தத் திருப்பதி ஆஸ்டலில்தான் படித்தான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், எங்கே மணி அடித்தாலும் சட்டென்று எழுந்து தட்டைக் கழுவப் போனானாம். மாரியம்மன் கோயில் மணிக்கும் எழுந்து போனானாம், பாதிச் சோற்றில். திலீப் அதை என்னிடம் நடித்தே காட்டினான். நடித்து முடித்ததும் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

வேன் வரும்வரை அவன் என் கடையில்தான் நிற்பான். ஒருநாள் நான் டியூபுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"மாமா, பெரியவங்கள்ல சைக்கிள் வுட தெரியாதவங்க இருப்பாங்களா?"

"இருப்பாங்கடா. உங்க ஊட்லயே பாரேன்."

"அம்மா வுடுவாங்க. அத்த வுடும். முனிரத்தினம் அண்ணா லாரியே ஓட்டுவாரு. நைனா..." அவன் நின்றுவிட்டான். "மாமா, நைனா சைக்கிள் வுட்டு நான் பாத்ததே இல்ல."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த ஊரில் எல்லாரும் எப்போதாவது என் கடையில் சைக்கிள் எடுத்தவர்கள்தான். பாலசுந்தரம் எடுத்ததில்லை.

மறுநாள் காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு அவரே நடந்து வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

"தணிகாசலம், நேத்து துன்னுக்கினு இருக்கறப்ப என் புள்ள ஒரு கேள்வி கேட்டான்."

"சொன்னான் மொதலாளி, கேக்கப்போறேன்னு."

"என் சம்சாரம் சிரிச்சிட்டா. சாம்பார் கரண்டியக் கீழ போட்டுட்டு சிரிக்கறா." அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "எங்க ஊட்ல சைக்கிள் கெடையாதுப்பா. சின்ன வயசுல கிளீனரா லாரில ஏறனேன். மேல ஏறனவன் அப்டியே பூட்டேன். மொதலாளி ஆனப்புறம் எங்க கத்துக்கறது? வுழுந்தா ஊரே சிரிக்கும்."

"இப்ப?"

"கத்துக்கலாம்னு கீறேன். என் தோப்புல, காத்தாலே. நீதான் சைக்கிள் கொண்டாரணும். ஆனா ஒண்ணு, ஸ்கூலுக்கு மட்டும் வரமாட்டேன். அவனாண்டயும் சொல்லிட்டேன்."

"அப்ப அவன் ஃபெயிலாச்சே?"

"அதான் நானும் சொன்னேன். பரவால்ல நைனா, நீ கத்துக்கோன்றான்."

சொல்லும்போது அவர் குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது.

அப்படித்தான் அந்த மாந்தோப்பில் பாடம் தொடங்கியது. பாலசுந்தரம் வேட்டியை விட்டுவிட்டு டிரைவர் முனிரத்தினத்தின் காக்கி பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அது அவருக்குத் தரையில் புரண்டது. சுருட்டி, டியூப் வெட்டிய ரப்பரால் கட்டிவிட்டேன்.

முதல் நாட்கள் மோசம். திலீப் தன் அப்பா தன்னிடம் எப்படிப் பேசுவாரோ அப்படியே அவரிடம் பேசினான். "எத்தினி வாட்டி சொல்றது? நேரா பாரு நைனா! ஹாண்டில்பார ஆட்டாத! இந்த சின்ன விசயம் கூட தெர்ல?" பாலசுந்தரம் ஒரு வரப்பில் விழுந்தார், ஒரு மரத்தில் மோதினார். கடைசியில் சைக்கிளைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"போடா! நீயும் உன் பாடமும்."

பையன் அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தான். அலமேலு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"டீச்சர், நைனாவுக்கு வரவே மாட்டேங்குது. அவரால முடியாது டீச்சர்."

"அப்பிடியா? அவரு கத்துக்கலன்னா தப்பு யாருது?"

திலீப் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். பள்ளியில் இந்தக் கேள்விக்குப் பதில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். சொல்லத்தான் பிடிக்காது.

"என்னுது."

"அவரு வுழறதுக்கு முன்னாடி எங்க பாக்கறாரு?"

"முன் சக்கரத்த."

"ஏன் அதப் பாக்கறாரு?"

அவன் யோசித்தான். "பயம் டீச்சர்."

"பயப்படறவங்கள்ட்ட நீ இன்னா பண்ண?"

"திட்னேன்."

அவள் அரிசி களையத் திரும்பிவிட்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஈரக் கையாலேயே என்னைத் தடுத்துவிட்டாள். பையன் போன பிறகு கேட்டேன், இப்படிச் செய் அப்படிச் செய் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று. "நான் சொன்னா அது என் பாடம். அவன் கண்டுபுடிக்கணும்," என்றாள்.

மறுநாள் காலையில் அவன் என் கடைக்கு வந்து, சின்னப் பிள்ளைகள் ஓட்டும் சைக்கிள் ஒன்றைக் கேட்டான். பெடலைக் கழற்றித் தரச் சொன்னான். தோப்பில் அவன் அப்பாவை அதில் உட்காரவைத்து, காலால் தரையை உந்தி உந்திப் போகச் சொன்னான். லாரி முதலாளி வாத்து மாதிரிப் போனார். பிறகு ஒரு தாழ்ந்த கிளையில் தொங்கிய கிளிமூக்கு மாங்காயைக் காட்டினான்.

"நைனா, சக்கரத்தப் பாக்க வேணாம். அந்த மாங்காயப் பாத்துக்கினே வா. அதுக்கு முத்தம் குடுக்கப் போற மாதிரி வா."

"அடச்சீ, எங்கடா கத்துக்கின இதெல்லாம்?"

"டிவிலதான். வா நைனா."

அவர் மாங்காயைப் பார்த்துக்கொண்டே வந்தார். கால் தரையில் படாமல் கொஞ்ச தூரம், மறுநாள் இன்னும் கொஞ்சம். திலீப் இப்போது திட்டவே இல்லை. "பயமா கீதா? இருக்கட்டும் நைனா. எனக்கும் இருந்தது," என்று பக்கத்திலேயே ஓடினான். பிறகு பெடல் போட்டோம். பிறகு பெரிய சைக்கிள். குள்ளமானவராதலால் பெரிய சைக்கிளில் அவருக்குக் கால் தரைக்கு எட்டாது. மதகுச் சுவர்மீது நின்றுதான் ஏறுவார். பாதை தோப்புக்குள் சரிந்து போய் ஒரு வைக்கோல்போரில் முடியும். நேராகப் போய் வைக்கோலில் மோதி நிற்பார். தலையெல்லாம் வைக்கோலோடு எழுந்து, "இன்னொரு வாட்டி!" என்பார்.

அந்தச் சரிவில் அவர் முதல்முறை கத்திக்கொண்டு போனது இன்னும் என் காதில் இருக்கிறது. வார்த்தை ஒன்றும் இல்லை, வெறும் கத்தல். தோப்பிலிருந்த கிளிகளெல்லாம் எழும்பிப் பறந்தன.

மாங்காய் பறிக்கும் பருவம் வந்தது. பள்ளி மூடும் நாளும் வந்தது.

புளியமரத்தடியில் பெஞ்சுகளைப் போட்டு ஊர்க்காரர்களெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். நானும் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தேன். சந்திரம்மா சின்னதாக ஒரு ஜெபம் சொன்னார். கொடுத்தவரிடம் நாங்கள் கொடுத்ததைக் காட்ட வந்திருக்கிறோம் என்பதுபோல ஒன்று.

முதலில் தேன்மொழியின் அம்மா செல்லியம்மா. கூலி வேலைக்குப் போகிறவள், தமிழ்கூடப் படிக்கத் தெரியாது. பஸ் போர்டெல்லாம் தெலுங்கில் இருப்பதால் ஒவ்வொரு முறையும் யாரையாவது கேட்டுத்தான் ஏறுவாள். மகள் அவளுக்குப் போர்டு படிக்கக் கற்றுக்கொடுத்திருந்தாள். அலமேலு அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தாள்.

"புத்தூரு," என்றாள் செல்லியம்மா. "இது ரேணிகுண்டா. இது... சத்தியவேடு." சொல்லிவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இந்த பஸ்ஸ அனுப்பிடுங்க டீச்சரு. இதுல நான் ஏற மாட்டேன்."

"ஏம்மா?"

"என் மாமியா ஊரு."

கூட்டம் அடங்க நேரமாயிற்று. மகள் மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். சிரித்தால் அதுவும் ஜாடையாகிவிடுமோ என்று பயம்.

பவன்குமார் தன் பாட்டனாருக்கு எஸ்.டி.டி. பூத்தில் போன் போட்டுப் பேசக் கற்றுக்கொடுத்திருந்தான். அவர் போன் இல்லாமலேயே விரலால் காற்றில் எண்களை அழுத்தி, துபாயிலிருக்கும் மகனோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு, "அல்லோ, பணம் வேணாண்டா, நீ வா," என்று கத்தினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

பிறகு சந்திரம்மா திலீப்பைக் கூப்பிட்டார். அவன் எழுந்து நின்றான்.

"நுவ்வு யாருக்குச் சொல்லிக்குடுத்த?"

"எங்க நைனாவுக்கு டீச்சர்."

"எக்கட? எங்க அவரு?"

"வரமாட்டேன்னுட்டாரு." அவன் தலை குனிந்தது. "ஆனா கத்துக்கினாரு டீச்சர். நெஜமா கத்துக்கினாரு."

நான் எழுந்து சாட்சி சொல்லலாம் என்று பார்த்தேன். சொல்லிப் பயனில்லை என்று எனக்கே தெரியும். கற்றுக்கொண்டவர் செய்துகாட்ட வேண்டும். அலமேலு என் பக்கம் பார்க்கவே இல்லை. கையிலிருந்த அட்டைகளை அடுக்கி, மறுபடியும் கலைத்து, மறுபடியும் அடுக்கினாள்.

அப்போதுதான் சாலையில் மணிச்சத்தம் கேட்டது. சைக்கிள் மணி, விடாமல். பள்ளிக் கேட்டுக்குள் காக்கி பேண்ட்டும் வெள்ளைச் சட்டையுமாகப் பாலசுந்தரம் நுழைந்தார். அவர் தோப்பில் விட்டுவைத்திருந்த என் கடை சைக்கிளில். தோப்பிலிருந்து அவ்வளவு தூரமும் ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறார். பின்னால் அவருடைய கார் மெதுவாக வந்தது. முனிரத்தினம் ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பெஞ்சுகளில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு யாரோ விசில் அடித்தார்கள். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். பாலசுந்தரம் புளியமரத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார். முதுகு நேராக, பார்வை தூரத்தில், வாயெல்லாம் பல்.

"பாத்துக்கோங்கய்யா! எங்க ஊட்டு தெரியாதவன் நான்தான்!"

பெஞ்சுகளில் இருந்த லாரி டிரைவர்கள் துள்ளிக் குதித்தார்கள். அவர் இரண்டாவது வட்டம் அடித்தார். மூன்றாவதும் அடித்தார். நான்காவதில் அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

எனக்கு அப்போதுதான் காரணம் தெரிந்தது. தோப்பில் அவர் ஒரு தடவைகூடச் சைக்கிளிலிருந்து இறங்கியதில்லை. வைக்கோல்போர் நிறுத்தியது. திலீப்பும் சொல்லித்தரவில்லை, நானும் நினைக்கவில்லை. ஓட்டுவதில்தான் எங்கள் கவனமெல்லாம் இருந்தது.

"மொதலாளி, நிறுத்துங்க! பாத்துட்டோம்!" என்றார் ஒருவர்.

"எப்படிடா நிறுத்தறது?" என்றார் பாலசுந்தரம், எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே.

"பிரேக் புடிங்க!"

"புடிச்சா சாஞ்சிடுவேன்டா! கால் எட்டல!" மறுபடியும் வந்தார். "டேய் திலீப்! வைக்கப்போரு எங்கடா?"

திலீப் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். கண் மட்டும் அப்பாவோடு சுற்றிச் சுற்றி வந்தது. வாயைத் திறந்தால் ஃபெயில். திறக்காவிட்டால் அப்பா விழுவார். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அலமேலுவோ சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து அருகே போனேன். சிரிக்கிறாள்.

நானும் முனிரத்தினமும் பிடிக்க ஓடினோம். "தொடாதீங்கடா, வுழுந்துடுவேன்!" என்று கத்தினார். பின்னால் பள்ளிக்கூடமே ஓடியது. கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். கொடிக்கம்பத்தை நோக்கி வந்து, பக்கத்தில் வரும்போது இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சைக்கிள் அவரை விட்டுவிட்டுத் தனியாகக் கொஞ்ச தூரம் போய், சந்திரம்மாவின் காலடியில் விழுந்தது.

அந்தக் கைதட்டல் நகரி வரைக்கும் கேட்டிருக்கும்.

சத்தம் ஓய்ந்ததும் எல்லாரும் சந்திரம்மாவைப் பார்த்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"திலீப், நுவ்வு சொல்லு. உன் மாணவருக்கு என்ன வந்தது, என்ன வரல?"

பையன் வாயிலிருந்து கையை எடுத்தான். "ஓட்ட வந்தது டீச்சர். எறங்க வரல. நான் சொல்லிக்குடுக்கல. மறந்துட்டேன்."

"சரே. அப்போ இது பாஸா?"

"இல்ல டீச்சர்."

"ஃபெயிலா?"

அவன் அப்பாவைப் பார்த்தான். கொடிக்கம்பத்தில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர் முகம் பிள்ளை முகம் மாதிரி இருந்தது. "இல்ல டீச்சர்," என்றான் திலீப்.

"ரெண்டும் காது, ரெண்டும் இல்ல. பாடம் நடந்துக்கினு இருக்குது, அந்தே, அவ்ளோதான். நடுவுல வாத்தியார் ஊர விட்டுப் போலாமா, பாலசுந்தரம் காரு? நீங்களே சொல்லுங்க."

பாலசுந்தரம் முகத்தைச் சட்டையால் துடைத்துக்கொண்டார். எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். அன்று அவரைப் பார்த்து ஊரே சிரித்திருந்தது. அவருக்கு அது தெரியும்.

"அது எப்படிப் போறது டீச்சரம்மா? நான் இன்னும் சைக்கிள் மேலயேல்ல கீறேன்? என்ன எறக்கி வுட்டுட்டுப் போகட்டும்."

பாடம் நடக்கிற கணக்கிலேயே சந்திரம்மா திலீப்பை ஆறாவதில் சேர்த்துக்கொண்டார். ஜூன் மாதம் வேன் வந்தது. திலீப் வந்தான், தேன்மொழி வந்தாள், எல்லாரும் வந்தார்கள்.

பாலசுந்தரம் அதற்குப் பிறகு உள்ளூருக்குள் எங்கே போவதானாலும் சைக்கிள்தான். என் கடைக்கு எதிரே இருந்த விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துத்தான் நிற்பார். ஏறுவதும் அதைப் பிடித்துத்தான். திலீப் எத்தனையோ விதமாகச் சொல்லிப்பார்த்தான். சின்ன சைக்கிளில், மணலில், தண்ணீர் வற்றிய ஏரியில். வருடா வருடம் ஏப்ரலில் பள்ளிக்கு வந்து எல்லார் முன்னாலும் கொடிக்கம்பத்தைக் கட்டிப்பிடித்தார். பிள்ளைகளுக்கு அதுவே திருவிழா. "என்ன பாலசுந்தரம் காரு?" என்பார் சந்திரம்மா. "இன்னும் வரல டீச்சரம்மா. அடுத்த வருசம் பாக்கலாம்," என்பார் அவர். ஒருமுறை கிருஷ்ணப்பா என்கிற டிரைவர், "மொதலாளிக்குக் கம்பத்து மேல ஆச வந்துட்ச்சி," என்று சொல்லி அடி வாங்கப் பார்த்தான்.

திலீப் எட்டாவதில் இருக்கும்போது ஒருநாள் விடிகாலையில் கடைக்குப் போனேன். தெருவில் யாரும் இல்லை. பாலசுந்தரம் தூரத்தில் வந்துகொண்டிருந்தார். நான் கடைக்குள் இருட்டில் நின்றதை அவர் பார்க்கவில்லை. விளக்குக் கம்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இடது காலைப் பெடலில் ஊன்றி, வலது காலைப் பின்னால் வீசித் தூக்கி, தபால்காரர் இறங்குவதுபோல அலுங்காமல் இறங்கினார். ஸ்டாண்டு போட்டுவிட்டுப் பால் வாங்கப் போனார்.

ஓடிப்போய் அலமேலுவை எழுப்பினேன்.

"அந்த ஆளுக்கு எறங்கத் தெரியும்! நான் கண்ணால பாத்தேன்!"

அவள் புரண்டு படுத்தாள். "தெரியும். ரெண்டு வருசமா தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா திலீப் பாஸ் ஆயிடுவான். அப்புறம், பாடம்தான் முடிஞ்சிச்சே, கூட்டத்துல சொன்ன வாக்கெல்லாம் பழைய கதை, திருப்பதிக்கு அனுப்பியே தீரணும்னு சொந்தக்காரங்க எல்லாம் வந்து நிப்பாங்க. அவரால தட்ட முடியாது. இப்ப யார் கேட்டாலும், புள்ள பாடம் முடியலன்னு சொல்லிக்கினு கீறாரு. சும்மா இருங்க. நீங்க ஒண்ணும் பாக்கல."

நான் ஒன்றும் பார்க்கவில்லை. பத்தாவது முடித்துத் திலீப் திருப்பதியில் பாலிடெக்னிக் சேர்ந்தான். பிறகு பெங்களூருக்குப் போனான். தேன்மொழி இப்போது அதே பள்ளியில் டீச்சர். கம்பம் பழக்கமாகிவிட்டதோ என்னவோ, பாலசுந்தரம் அதை விடவில்லை. நானும் கேட்டதில்லை.

சென்ற ஐப்பசியில் அலமேலு இறந்த அன்று, வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகள் இறைந்து கிடந்தன. அவள் படிப்பித்த பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தார்கள். திலீப் பெங்களூரிலிருந்து நேராகக் காரில் வந்து என் பக்கத்தில் நின்றிருந்தான். தெருமுனையில் மணிச்சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். பாலசுந்தரம் வெள்ளைத் தலையோடு, கழுத்தில் மாலையைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்தார். மாலை அவளுக்கு, கையில் பிடிக்க முடியாமல் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டு வாசலில் கம்பம் கிடையாது, பந்தல்கால் அவரைத் தாங்காது. திலீப் பதறிப்போய்ப் பிடிக்க ஓடினான். அதற்குள் அவர் எல்லார் முன்னாலும் வேகத்தைக் குறைத்து, இடது காலை ஊன்றி, அந்த வயதிலும் வலது காலைப் பின்னால் தூக்கி, அலுங்காமல் தரையில் நின்றார்.

திலீப் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"நைனா! எப்ப கத்துக்கின?"

பாலசுந்தரம் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். கழுத்திலிருந்து மாலையைக் கழற்றினார்.

"டீச்சருக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில், அத்தனை பேர் நடுவில், அடக்க முடியாமல் சிரித்தேன். செல்லியம்மா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். திலீப் கொஞ்ச நேரம் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவனும் சிரிக்க ஆரம்பித்தான்.